ஊசி ஏறினால் கையைத் தூக்கு

உங்கள் பொலிஸ் நிலையத்துக் கோப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக் கோப்பியைப் பற்றி என்னென்னவோ சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். கூடுதலாக இரண்டு சீனிக்கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், அதையும் கவனித்தேன். "விமானம் ஏன் விழுந்தது என்று எங்களுக்கு இன்னும் வடிவாக விளங்கவில்லை, அந்த வெப்பமானி விஷயத்தைத் தொடக்கத்தில் இருந்து ஆறுதலாக எழுது" என்று சொல்லிவிட்டு, கதவைக் கூடப் பூட்டாமல் போனீர்கள். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு மனிதன் ஒன்றைச் சொன்னால் நம்பிவிடுகிறீர்கள்.

தொடக்கத்தில் இருந்தே எழுதுகிறேன்.

என் பெயர் கோணேசன், ஊர் திருக்கோணமலை. அங்கே தபால் கந்தோரில் டெலிபோன் எக்சேஞ்சில் இருந்தவன். கொழும்பில் இருக்கிற மகனை ஊரில் இருக்கிற தாயோடு இணைத்துவிடுவேன். சண்டை போட்டுக்கொண்டு போன மருமகனை மாமனார் வீட்டோடு இணைத்துவிடுவேன். இரண்டு பக்கமும் 'ஹலோ' வந்ததும் நாங்கள் விலகிவிட வேண்டும் என்பது விதி. எப்போதும் உடனே விலகினேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் மனம் விட்டுக் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு இருப்பது ஒரு சுகம். அதிலும், நான் வயரை இழுத்தால் இந்தக் கதை நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டு கேட்பது இன்னும் சுகம்.

டென்மார்க்குக்கு, உங்கள் இந்தத் தீவுக்கு வந்தது 1986இல். கொம்யூன், அதாவது உங்கள் ஊர்ச் சபை, எங்களுக்கு ஒரு பழைய வீட்டைத் தந்தது. முன்னறை எனக்கு, பின்னறை யூட்டுக்கு. யூட் மட்டக்களப்பு ஆள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி உடம்பு, அதற்குள் ஒரு சின்னப் பிள்ளையின் சிரிப்பு. கலியாணம் கட்டிச் சில மாதத்திலேயே நாட்டை விட்டு ஓடி வர வேண்டியதாகிவிட்டது அவனுக்கு. மனைவி விஜிதா கொழும்பில், வெள்ளவத்தையில், தெரிந்தவர் வீட்டு அறை ஒன்றில் இருந்தார். அவரை இங்கே கூப்பிட யூட் விண்ணப்பம் போட்டான். அதை டேனிஷில் நிரப்பிக் கொடுத்தது நான். எனக்குக் கலியாணம் ஆகவில்லை, கூப்பிட ஒருவரும் இல்லை. ஆகவே எல்லோருக்கும் நிரப்பிக் கொடுக்க எனக்கு நேரம் இருந்தது.

டேனிஷ் எனக்குச் சுகமாக வந்தது. யூட்டுக்கு வரவில்லை. மாலை வகுப்புக்கு இரண்டு தரம் வந்தான், மூன்றாம் தரம் பேனையைக் கீழே வைத்தான்.

"அண்ணன், இவங்கள் தொண்டைக்குள்ள சுடு கிழங்க வச்சிக்கொண்டு கதைக்கிறாங்கள். என்னால ஏலாது."

"ஏலாட்டி விடு," என்றேன். "நான் இருக்கிறன்தானே."

அவன் எனக்கு நன்றி சொன்னான். பகல் முழுக்கக் கண்ணாடிக்கூடத் தோட்டத்தில் பூச்சட்டி அடுக்கிவிட்டு வருகிறவனுக்கு மாலையில் ஓய்வு வேண்டும். நான் சொன்னதில் பிழை இல்லை.

அந்த வகுப்பை நடத்தியவர் விகோ. உங்களுக்குத் தெரிந்தவர்தான், உங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்தவர் என்று சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு தன் கொட்டகையில் தானே ஒரு விமானம் செய்துகொண்டிருந்தார். மரச்சட்டம், அதன் மேல் துணி, மூக்கில் பழைய கார் ஒன்றின் இயந்திரம். ஒருவருக்குப் பின்னால் ஒருவராக இரண்டு இருக்கை. "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கை உதவி வேண்டும்" என்று எங்களைக் கூப்பிட்டார். போனோம்.

யூட்டின் தகப்பன் தோணி கட்டுகிறவர். அவன் மரத்தைக் கண்டதும் கையால் தடவினான். விகோ அவன் கையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேருக்கும் நான் தேவைப்படவில்லை. அவர் ஒரு கட்டையைக் காட்டுவார், இவன் தலையாட்டுவான். இவன் உளியைத் தூக்கினால் அவர் "நை, நை" என்று மறுப்பார். இவன் "ஏன் கா, இதுக்கென்ன குறை?" என்று மட்டக்களப்புத் தமிழில் கேட்பான். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒருவருக்கு மற்றவர் சொல்வது ஒரு சொல் விளங்காது, ஆனாலும் அப்படி ஒரு கதை. ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே பாட்டை ஆளுக்கொரு மொழியில் பாடினார்கள். நான் மூலையில் இருந்து கோப்பி ஊற்றினேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரி குளிராக மட்டும் இருந்தது. கொட்டகை அல்லவா, குளிரத்தான் செய்யும்.

மரவேலை 87ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் முடிந்தது. இயந்திரத்தை ஏற்றிப் பூட்டி, முதல் தரம் ஓடவிட்டோம். அப்போதுதான் அந்த வெப்பமானி எங்களுக்குள் வந்தது.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். இயந்திரத்து எண்ணெய் எவ்வளவு சூடு என்று காட்ட முன் பலகையில் ஒரு சின்ன வட்ட மீட்டர். இயந்திரத்துக்குள் ஒரு உணரி, அங்கிருந்து இங்கே ஒரு வயர். ஊசி பச்சையில் நின்றால் சுகம், சிவப்புக்குப் போனால் இயந்திரம் இறுகி நின்றுவிடும். விகோ இயந்திரத்தை ஓடவிட்டு ரேடியோவைப் போட்டார். ஊசி துள்ளிச் சிவப்புக்குப் போனது. ரேடியோவை நிறுத்தினார். ஊசி பச்சைக்கு வந்தது. சில வேளை ரேடியோ போடாமலே துள்ளியது. இயந்திரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தால் பெரிய சூடு ஒன்றும் இல்லை.

விகோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கோணேசன், இதை யூட்டுக்குச் சொல்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். மரவேலைக்குக் கண் போதும். மின்சாரத்துக்குக் கதை வேண்டும். எந்த வயர் எங்கே போகிறது, எதைக் கழற்றினால் என்ன நடக்கும், நீ என்ன நினைக்கிறாய், நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாம் என் வாய் வழியாகப் போனது. விகோவின் அடுப்படியில் உணரியை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தோம், மீட்டர் நூறு காட்டுகிறதா என்று பார்க்க.

"முட்டை எண்டா இந்நேரம் அவிஞ்சிருக்கும்," என்றான் யூட்.

நான் அதை டேனிஷில் சொன்னேன். விகோ உடனே போய் உண்மையாகவே மூன்று முட்டை கொண்டு வந்து அதே தண்ணீரில் போட்டார். மூன்று பேரும் ஒரு பாத்திரத்தைச் சுற்றி நின்று சிரித்தோம். அந்தச் சிரிப்பு என் வழியாக வந்த சிரிப்பு. ஊசி நூறில் நின்றது, முட்டையும் அவிந்தது, பழுது மட்டும் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் இரண்டு பேரும் தோட்டத்துக் குழாயடியில் கை கழுவப் போன நேரம், நான் மீட்டருக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். எக்சேஞ்சில் இருந்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை. எர்த் வயர் பூட்டியிருந்த திருகாணி தளர்ந்து இருந்தது. மீட்டருக்கும் ரேடியோவுக்கும் ஒரே திருகாணி. அது இறுக்கமில்லாவிட்டால் ரேடியோவுக்குப் போகிற மின்சாரம் மீட்டரையும் இழுத்துப் போகும், ஊசி பொய் சொல்லும். விரலாலேயே இறுக்கினேன். ஓடி நின்ற இயந்திரம் இன்னும் ஆறவில்லை, சாவியை மட்டும் திருப்பி ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஊசி பச்சையில், நல்ல பிள்ளை மாதிரி நின்றது.

சாவியை அணைத்தேன். அவர்கள் தூரத்தில் தண்ணீரை ஒருவர் மேல் ஒருவர் தெளித்துக்கொண்டு வந்தார்கள். நான் அந்தத் திருகாணியை அரைச் சுற்றுத் திரும்பத் தளர்த்திவிட்டேன்.

அதில் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. அதிகமாகச் சூடு காட்டுகிற மீட்டர் ஆளைக் கொல்லாது. குறைவாகக் காட்டினால்தான் கொல்லும். நான் யோசித்துத்தான் செய்தேன்.

அதற்குப் பிறகு வந்த வருடம், 88, என் வாழ்க்கையில் நல்ல வருடம். மீட்டரை மாற்றினோம், எக்சேஞ்ச் ஆள் என்று வயர் பூட்டுகிற வேலையை என்னிடமே விட்டார்கள். ஜெர்மனியில் இருந்து புது உணரி வந்தது. இயந்திரத்தின் மேல் காற்றைத் திருப்பிவிடுகிற தகரத் தகட்டை எத்தனையோ தரம் கழற்றிப் பூட்டினோம், உண்மையிலேயே சூடாகிறதோ என்று பார்க்க. அது யூட்டின் வேலை. ஒரு வாரம் நான் திருகாணியை இறுக்கிவிடுவேன், பழுது போய்விட்டது என்று விகோ கேக் வாங்கி வருவார். அடுத்த வாரம் தளர்த்திவிடுவேன். "இந்த மீட்டருக்குப் பேய் பிடிச்சிட்டு," என்பான் யூட். "உங்கட திருக்கோணமலைப் பக்கம் மந்திரிக்கிற ஆக்கள் ஆரும் இல்லையா அண்ணன்?" நான் அதை மொழிபெயர்ப்பேன். விகோ தேவாலயத்துப் போதகரைக் கூப்பிடலாமா என்று கேட்பார். அதை மற்றப் பக்கம் மொழிபெயர்ப்பேன்.

விண்ணப்பமும் அசையவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவருடைய மனைவி பிள்ளைகளுக்கும் அனுமதி வரவில்லை. கோப்புகள் எங்கோ மேலிடத்தில் தூங்குகின்றன என்று ஒடென்சேயில் ஒருவர் சொன்னார், கோப்பன்ஹேகனில் ஒருவர் சொன்னார். யாரோ தூங்க வைத்திருக்கிறார்கள் என்று இப்போது பத்திரிகையிலும் எழுதுகிறார்கள். ஆட்கள் அழுதார்கள். சில பேர் குடிக்கத் தொடங்கினார்கள். யூட் இரவில் விஜிதாவின் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பான். வெள்ளவத்தையில் படையினரின் சுற்றிவளைப்பு என்று செய்தி வந்தால் அவன் சாப்பிட மாட்டான். நான் சோறு குழைத்து உருண்டையாக்கி அவன் கையில் வைப்பேன்.

நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். இதை வேறு யாருக்கும் சொன்னதில்லை. கோப்பு தூங்குகிற வரைக்கும் யூட் என் பின்னறையில், ஊசி துள்ளுகிற வரைக்கும் மூன்று பேரும் கொட்டகையில். அந்த மேலிடத்து மனிதரை எனக்குத் தெரியாது. ஆனால் அவரும் நானும் ஒரே மாதிரி வேலைதான் செய்துகொண்டிருந்தோம் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

அந்தக் கோடையில் ஒரு நாள் விகோ கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார். "கோப்பன்ஹேகனில் என் பழைய மாணவன் ஒருவன் வழக்கறிஞர். யூட்டை நானே காரில் கூட்டிப் போகிறேன். இந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று அவன் தோண்டி எடுப்பான். கேட்டுச் சொல், வருகிறானா?"

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பவனுக்கு யோசிக்க அதிக நேரம் இல்லை. 'இல்லை' என்று தலையாட்ட வைக்கிற ஒரு கேள்வி வேண்டும். யூட்டுக்கு முன்னால் மூன்றாவது கேக் துண்டு பாதியில் கிடந்தது.

"இன்னொரு துண்டு வெட்டட்டோ எண்டு கேக்கிறார்," என்றேன்.

"ஐயோ வேணாம் அண்ணன்!" யூட் இரண்டு கையையும் விரித்து, தலையைப் பலமாக ஆட்டி, வயிற்றைத் தட்டிக் காட்டினான். "இதுக்கு மேல எண்டா என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகணும். நன்றியெண்டு சொல்லுங்க."

"நன்றி சொல்கிறான்," என்று விகோவிடம் சொன்னேன். "ஆனால் யாருக்கும் கரைச்சல் கொடுக்க விருப்பமில்லையாம். பொறுத்திருப்பானாம்."

விகோவின் கண் கலங்கியது. "பெருமை உள்ள மனிதன்," என்றார். யூட்டின் தோளில் தட்டினார். யூட் சிரித்தான். பார்ப்பதற்கு அழகாக இருந்தது.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் கோப்புகள் விழித்துக்கொண்டன. சித்திரை மாதம் யூட்டுக்கு அனுமதி வந்தது. கடிதத்தை அவன் என்னிடம்தான் கொண்டு வந்தான். நான் அதை ஒரு சொல் மாற்றாமல் வாசித்துச் சொன்னேன். மாற்ற நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் முடிவு எடுக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள். அவன் என்னைக் கட்டிப்பிடித்து நிலத்தில் இருந்து தூக்கினான். கால் அந்தரத்தில் ஆடியபடி நானும் சிரித்தேன். பிறகு என்னை இறக்கிவிட்டுச் சொன்னான்.

"விஜிதாட ஒண்டவிட்ட அண்ணன் தேவராசா கோல்டிங்கில இருக்கிறார் அண்ணன். தொழிற்சாலையில வேலை சொல்லி வச்சிருக்கிறார். வீடும் பார்த்திட்டார். அவ வந்திறங்கின உடன அங்கால போயிருவம்."

"நல்லது," என்றேன்.

"நீங்க அடிக்கடி வரணும். வராட்டி கொன்றுபோடுவன்."

"வருவன்," என்றேன்.

விமானமும் அதற்குள் பறக்கத் தொடங்கிவிட்டது. புது விமானத்தைக் கட்டியவர் முதலில் இத்தனை மணி நேரம் தனியாகப் பறந்து காட்ட வேண்டும் என்பது சட்டம், விகோ அதை முடித்துவிட்டார். மீட்டர் துள்ளுகிற பழக்கம் அவருக்குப் பழகிப்போனது. ரேடியோவைக் குறைவாகப் போட்டுக்கொண்டு சமாளித்தார். யூட் ஊரை விட்டுப் போவதற்கு முன், ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனை ஏற்றிக்கொண்டு பறந்து அவன் இருக்கப் போகிற ஊரை மேலே இருந்து காட்டுவது என்று விகோ முடிவு செய்தார். விஜிதா வருவது அதற்கு அடுத்த வியாழக்கிழமை.

அன்றைக்கு நல்ல வெயில். விகோ மேசையில் கேக்கை வைத்து, அதில் கடதாசிக் கொடி குத்தியிருந்தார். இந்த நாட்டில் சந்தோஷத்துக்கு ஒரு கொடி வேண்டும். பறந்து வந்து வெட்டலாம் என்றார். யூட் புதுச் சட்டை போட்டிருந்தான். "விழுந்தாலும் வடிவாக் கிடக்கணும்தானே," என்று பகிடி விட்டான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பறக்கிற நாளில் டேனிஷ்காரருக்கு அந்த மாதிரிப் பகிடி பிடிக்காது.

அன்று காலையில் நான் அந்தத் திருகாணியை இறுக்கினேன். இறுக்கமாக, குறடு போட்டு. கடைசி நாள், அவன் நல்லபடியாகப் பறந்து வரட்டும் என்றுதான் செய்தேன். சத்தியமாக.

யூட் படம் எடுக்கப் போயிருந்தான். இயந்திரத்தைச் சூடாக்க விகோ பின் இருக்கையில் ஏறினார். பின்னால் இருப்பவர்தான் ஓட்டுகிறவர், மீட்டர்கள் முன்னால். முன் இருக்கை காலியாக இருந்தால் அவருக்கு ஊசி தெரியும், ஆள் இருந்தால் மறைத்துவிடும். அன்றைக்கு வெயில் மீட்டர் கண்ணாடியில் பட்டு மினுங்கியதால் அதுவும் தெரியவில்லை. "கோணேசன், நீ முன்னால் இருந்து பார்த்துச் சொல்," என்றார். ஏறி இருந்தேன்.

ரேடியோ போடவில்லை. ஊசி ஏறத் தொடங்கியது. துள்ளவில்லை. என்னுடைய பொய் துள்ளும், ஒன்றரை வருடமாகப் பார்த்திருக்கிறேன். இது மெதுவாக, ஒரு கிழவர் படியேறுகிற மாதிரி ஏறியது. பச்சையைத் தாண்டியது. சிவப்புக்கு ஒரு விரல் கீழே போய் நின்றது. இயந்திரத்துக்கு என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. கழற்றிக் கழற்றிப் பூட்டிய தகரத் தகடு திருகாணி ஓட்டைகளில் வெடித்திருந்தது என்று கடலில் இருந்து எடுத்த பிறகு நீங்கள்தான் காட்டினீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வயர் இறுக்கமாக இருந்தது. ஊசி உண்மை சொல்கிறது.

"எப்படி இருக்கு?" என்று விகோ பின்னால் இருந்து கத்தினார்.

"பழைய மாதிரித்தான்," என்றேன்.

யூட் வந்தான். நான் இறங்கி அவன் ஏறினான். அவன் முதுகு பலகை முழுவதையும் மறைத்தது. பட்டியைப் போட நான் உதவினேன். விகோ என் கையைப் பிடித்து, மெதுவாக, வகுப்பில் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"இவனுக்கு வடிவாகச் சொல். எனக்கு மீட்டர் தெரியாது, இவன்தான் என் கண். ஊசி துள்ளினால் பரவாயில்லை, அது பழைய வருத்தம். ஆனால் சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றால் வலது கையைத் தூக்க வேண்டும். உடனே தூக்க வேண்டும். கை தெரிந்தால் நான் அந்த இடத்திலேயே திருப்பி இறக்கிவிடுவேன்."

நான் யூட்டின் காதருகே குனிந்தேன். இயந்திரச் சத்தத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஊசி ஏறினாலும் பயப்படாதே. அது பொய் சொல்ற மீட்டர் எண்டு உனக்குத் தெரியும்தானே. சிவப்பில நிண்டாலும் கணக்கெடுக்காதே. என்ன நடந்தாலும் கையைத் தூக்காதே. கை அசைஞ்சா அவருக்குக் குழப்பமாம். ரெண்டு கையையும் முழங்கால்ல வச்சிக்கொண்டு வெளியால பார்த்துக்கொண்டு போ."

"ஓம் அண்ணன்," என்றான். கைகளை முழங்காலில் வைத்துக் காட்டினான். "இப்பிடியா?"

"ஓம், அப்பிடித்தான்."

"விளங்கிவிட்டதாம்," என்று விகோவிடம் சொன்னேன். அவர் பெருவிரலை உயர்த்தினார்.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் நினைத்தது ஒரு கால் முறிவு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்தத் தீவு முழுக்கச் சமதரை, எங்கே பார்த்தாலும் பீட்கிழங்கு வயல். இயந்திரம் நின்றால் விகோ ஒரு வயலில் இறக்குவார், சக்கரம் உடையும், யூட்டுக்கு ஒரு கால் முறியும். மூன்று மாதம் மருத்துவமனை. கோல்டிங் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். விஜிதா வந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். மருத்துவரிடம் கதைக்க நான் வேண்டும், கொம்யூனில் கதைக்க நான் வேண்டும். விகோவும் ஞாயிற்றுக்கிழமை பூ கொண்டு வருவார். உடைந்த விமானத்தைத் திரும்பக் கட்ட இன்னும் இரண்டு வருடம் பிடிக்கும். ஒருவருக்கும் பெரிய நட்டம் இல்லை. கால் பொருந்திவிடும்.

ஆனால் அவர்கள் வயலுக்கு மேல் போகவில்லை. நேரே மேற்கே, கடலுக்கு மேல் போனார்கள். அங்கே இயந்திரம் இறுகி நின்றதைப் பாய்ப்படகில் இருந்த இருவர் பார்த்தார்கள். தாழப் பறந்துகொண்டிருந்ததால் கரைக்கு எட்டவில்லை, இரண்டு பேரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை என்றார்கள். எனக்கு வயல்தான் மனதில் இருந்தது, கடல் மனதில் இருக்கவில்லை என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன். அதைத் திருத்த வேண்டும். கோல்டிங் கடலுக்கு அந்தப் பக்கம். எந்த வழியாகப் போவோம், எந்த இடத்தில் கடலைத் தாண்டுவோம், படகுகள் தெரிய எவ்வளவு தாழப் போவோம் என்று விகோ பறப்பதற்கு முந்திய நாள் பின்னேரம் வரைபடத்தை விரித்து யூட்டுக்கு விளக்கினார். அதை மொழிபெயர்த்தது நான். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அவன் கையைத் தூக்கியிருக்க மாட்டான். எனக்கு அது நிச்சயம். ஊசி சிவப்பில் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்திருப்பான். நான் சொன்னால் அவன் கேட்பவன். விகோவும் அந்தக் கை உயரவில்லை என்ற நம்பிக்கையில்தான் கடலுக்கு மேல் போயிருப்பார். அவரும் நான் சொன்னால் நம்புகிறவர். இரண்டு பேரும் கடைசி வரைக்கும் என்னை நம்பிக்கொண்டு இருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது.

வியாழக்கிழமை விஜிதாவைக் கூட்டிவரக் கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். யூட் சொன்னதை விடச் சின்ன ஆள். கையில் ஒரு பை, அதில் அவனுக்கென்று கொண்டு வந்த மிக்சர் பொட்டலம்.

"அவர் வரல்லையா?" என்று கேட்டார்.

ரெயிலில் வைத்துச் சொன்னேன். ஒடென்சே வரும் வரைக்கும் அவர் அந்த மிக்சர் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். பிறகு, "கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டார். உங்கள் பேரைச் சொன்னான் என்றேன். அதில் தவறில்லை. அவன் எப்போதும் அந்தப் பேரைத்தான் சொல்லுவான்.

கோல்டிங்கில் இருந்து தேவராசா வந்து கூப்பிட்டார். விஜிதா என்னிடம் கேட்டார், என்ன செய்யலாம் என்று. யூட்டின் அறை அப்படியே இருக்கிறது, அவன் உடுப்பு, அவன் சீப்பு எல்லாம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம், இந்த விசாரணை முடியட்டும் என்றேன். இப்போது பின்னறையில் இருக்கிறார். காலையில் நான் தேத்தண்ணீர் போட்டு வைக்கிறேன். நேற்று முதல் தரமாக, "சீனி காணும் அண்ணன், போதும்" என்றார்.

சரி, உங்கள் நேரத்தை அதிகம் எடுக்கவில்லை. வேறு ஆளைத் தேடினால் காசும் வாரக்கணக்கும் ஆகும், நீயே கொம்யூனின் மொழிபெயர்ப்பாளர்தானே, முதலில் உன் மொழியில் ஆறுதலாக எழுதிப் பார், பிறகு நீயே டேனிஷில் மாற்றித் தா, டேனிஷ் தாள் மட்டும் போதும் என்று சொன்னீர்கள். மாற்றுகிறேன். டேனிஷில் இவ்வளவு நீளம் வராது, அரைப் பக்கம் போதும், அதில் இருக்கப் போவது இவ்வளவுதான். மீட்டர் நீண்ட காலம் பழுதாக இருந்தது, மூன்று பேரும் எவ்வளவோ முயன்றோம், காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாளைக்கு விஜிதாவையும் வரச் சொல்லியிருக்கிறீர்கள். எத்தனை மணி என்றாலும் கூட்டி வருகிறேன். அவருக்கு டேனிஷ் ஒரு சொல்லும் தெரியாது, அதனால் நான் பக்கத்தில் இருப்பேன். நீங்கள் கேட்பதை அவருக்கும், அவர் சொல்வதை உங்களுக்கும் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் அப்படியே சொல்லுவேன்.